கடைக்குட்டியை எழுப்புகிறவள்

காலை ஏழே முக்காலுக்கு உலகம்மாள் தோலுரித்த சாருடைய முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். சார் சுவரில் தொங்குகிறார். ஆறடி உயரப் படம். தலை முதல் பாதம் வரை தோல் கிடையாது, சதையும் நரம்புமாக இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறார். திருவனந்தபுரத்தின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பின்கட்டில் இருக்கும் ஃபிசியோதெரப்பி ஹாலுக்கு முதல் தடவை வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்குவார்கள். உலகம்மாள் பின்வாங்குகிற ஆள் இல்லை. ஈரத்துணியால் நெற்றியில் தொடங்கி, தோள், வயிறு, தொடை என்று இறங்கிக் கணுக்காலில் முடிப்பாள். பதினாலு வருஷமாக இதே வரிசை. அவளுக்கு இட்ட வேலை தரை துடைப்பதும் கட்டில் நகர்த்துவதும்தான். சாரைத் துடைக்கும்படி யாரும் சொன்னதில்லை. "அவருக்குத்தான் தோலு கெடையாதே, தூசி பட்டா நேரே உள்ள போவும்லா" என்பது அவள் கட்சி.

வயது நாற்பத்தொன்பது. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆன கையோடு வந்து சேர்ந்தவள். கணவர் சொரிமுத்துவுக்கு சாலை என்கிற கடைவீதியில் ஓர் அரிசி மொத்தக் கடையில் மூட்டை இறக்குகிற வேலை. வீடு ஆரியசாலையில், இரண்டு கடைகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைய வேண்டிய ஒரு சந்துக்குள். ஆள் குள்ளம். சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகியிருப்பாள். கொஞ்சுவதென்றால் மலையாளம், திட்டுவதென்றால் தமிழ்; இரண்டும் ஒரே மூச்சில் வருவதால், தான் கொஞ்சப்பட்டோமா திட்டப்பட்டோமா என்று புதிதாக வருகிற நோயாளிக்குச் சட்டென்று புரியாது.

ஹாலின் வாசலுக்கு வெளியே ஒரு குழாய் இருக்கிறது. வருகிறவர் யாராயிருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். இது ஆஸ்பத்திரிச் சட்டம் அல்ல, உலகம்மாள் சட்டம். ஒருமுறை மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் பளபளக்கும் ஷூவோடு வந்து, அவளோடு கால் மணி நேரம் வாதாடி, கடைசியில் இரண்டு ஷூக்களையும் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது அவரே அவளிடம் "வெறுங்கால்ல நடக்கிறது சுகமாத்தான் இருக்கு" என்றார். "எனக்கும் தரை சுத்தமா இருந்தா சுகம்தான் சாரே" என்று சொல்லி அனுப்பினாள்.

நோயாளிகள்மேல் அவள் கை வைக்கமாட்டாள். அது சுஜாவின் வேலை. சுஜா ஃபிசியோதெரப்பிஸ்ட், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் கற்றவள். காலைப் பிடித்து மடக்குவதும் நீட்டுவதும் அவள். பக்கத்தில் தரையைத் துடைத்தபடி விளக்கவுரை சொல்வது உலகம்மாள். கட்டட வேலையில் விழுந்தவர்கள், ஓட்டலில் வழுக்கியவர்கள், லாரியிலிருந்து குதித்தவர்கள் என்று தமிழ்க்காரர்கள் வந்தால் அந்த உரை இன்னும் நீளும்.

எல்லோரும் வந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: முட்டு எப்போது சரியாகும். மூட்டைத்தான் முட்டு என்பார்கள். உலகம்மாளுக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது.

"முட்டு என்னல செய்யும்? முட்டு வெறும் கீலு. கதவு தொறக்கணும்னா ஆளு தள்ளணும். ஆளு யாராருன்னு எண்ணிக்கோ" என்பாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோலுரித்த சாரின் உடம்பில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டுவாள்.

"குத்தவச்சு இருந்துட்டு எழும்பணும்னா ஒரு குடும்பமே சேரணும். தொடைக்கு முன்னால அண்ணன் தம்பி நாலு பேரு. மூணு பேரு தடியனுங்க. நாலாவது கடைக்குட்டி. இந்தா, முட்டுக்கு மேல உள்பக்கமா ஒட்டிக்கிட்டு நிக்கான் பாரு. காலுல மாவுக்கட்டு போட்டா மொதல்ல படுக்கிறவன் இவன்தான், கடைசியா எழும்புறவனும் இவன்தான். பின்னால, நீ உக்காருற எடத்துல இருக்காரே, அவரு மொதலாளி. பெரிய உடம்பு. அவரு எழும்பாம கடை தொறக்காது. தொடைக்குப் பின்னால மச்சினன்மாரு. அண்ணன் தம்பி இழுக்கும்போது இவனுங்க விட்டுக் குடுக்கணும், ரொம்பவும் விட்டுரக் கூடாது, விட்டா முட்டு ஆடும். கீழ கெண்டைக்கால்ல ஒருத்தன் வாடகைக்கு இருக்கான். அவன் முறுக்கிக்கிட்டான்னா குதிகாலு தரையில படாது. வயிறும் முதுகும் புருசன் பொண்டாட்டி. முன்னால ஒராளு, பின்னால ஒராளு. ரெண்டு பேரும் ஒண்ணாப் புடிக்கணும், இல்லன்னா வீடு சாயும்."

சுஜாவைக் கேட்டால் சிரிப்பாள். தான் நாலு வருஷம் படித்த பாடத்தில் பாதி இதுதான் என்பாள். ஒரு தசை சுருங்கும்போது எதிரே இருப்பது நீள வேண்டும், மூன்றாவது ஒன்று மூட்டை ஆடாமல் பிடிக்க வேண்டும், இடுப்புக்கு மேலே இருப்பவை நடு உடம்பைச் சாயாமல் காக்க வேண்டும். இதில் ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவர்கள் தலையில் அந்த வேலை விழும். "உலகம்மாக்கா இதுக்கெல்லாம் சொந்தக்காரங்க பேரு வெச்சிருக்காங்க, அத்ரேதான் வித்தியாசம்" என்பாள்.

இறங்குவதைப் பற்றி உலகம்மாளுக்குத் தனிக் கருத்து உண்டு. எழுந்திருப்பதுதான் கஷ்டம், உட்காருவது தன்னால் நடக்கும் என்று நினைத்துத் தடாலென்று விழுகிறவர்களைக் கண்டால் அவளுக்குக் கோபம் வரும். "எறங்குறதும் வேலதான். எங்க வீட்டு ஆளு லாரியில இருந்து மூட்டைய எறக்கும்போது போட்டுட்டு ஓடமாட்டாரு. புடிச்சுப் புடிச்சு வைப்பாரு. அந்த மாதிரி அண்ணன் தம்பி புடிச்சுப் புடிச்சு விடணும்."

இந்த விளக்கவுரையை முகம் சுளிக்காமல் கேட்டவர்களில் ஒருவன் செல்வமணி. முப்பத்துமூன்று வயது, சங்கரன்கோவில் பக்கம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. நகரத்துப் புது வீடுகளில் மொசைக் தரை போய் டைல் தரை வந்துகொண்டிருந்தது. டைல் பதிப்பதில் செல்வமணிக்கு நல்ல பெயர். சாரத்திலிருந்து விழுந்து வலது காலில், முழங்காலுக்குக் கீழே, இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. தொடை முதல் பாதம் வரை மூன்று மாதம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது அவன் கால்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தொடை அவன் முன்கையளவுக்கு மெலிந்திருந்தது.

வேறு தொழில் என்றால் நொண்டி நொண்டிச் சமாளித்துக்கொள்ளலாம். டைல்காரனுக்கு அது நடக்காது. காலையில் குந்தி உட்கார்ந்தால் ஒரு கல் வைத்து, தட்டி, மட்டம் பார்த்து, குந்தியபடியே பின்னால் நகர்ந்து அடுத்த கல் வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முறை எழுந்து நூறு முறை உட்கார வேண்டும். குந்த முடியாத டைல்காரனை யாரும் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை. செல்வமணி அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தமாட்டான். "குத்தவைக்க முடியலன்னா நான் செத்த மாதிரிதான் யக்கா" என்பான், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போல.

அவனுக்கு வழக்கமாக வேலை தருகிற காண்டிராக்டர் நீலகண்டன் கெட்டவர் அல்ல. ஆனால் ஒருமுறை தன் வேலையிடத்தில் விழுந்தவனை மறுபடி ஏற்ற அவருக்குப் பயம். குந்தி எழலாம், வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதித் தந்தால் மறுநாளே வரலாம் என்று சொல்லிவிட்டார். பேரூர்க்கடையில் ஒரு வீடு திங்கட்கிழமை தொடங்குகிறது. அதை விட்டால் கர்க்கடக மாதம், நம் ஊர் ஆடி. கொட்டுகிற மழையில் இந்த ஊரில் யாரும் எந்த நல்ல வேலையையும் தொடங்குவதில்லை. பிறகு அவர்கள் ஆவணியான சிங்கம் மாதம் ஒன்றாம் தேதிதான். செல்வமணிக்கு அந்தத் திங்கட்கிழமை தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. ஆறு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்தான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் சத்தியதாஸ் வந்தார். செல்வமணி குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றான். வெளியில் மடித்துக் கட்டியிருந்த கைலியை வாசலிலேயே அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டிருந்தான். பெரியவர்களுக்கு முன்னால் கைலியை இறக்கிவிடுவது இந்த ஊரில் வணக்கம் சொல்வதற்குச் சமம். அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். டாக்டர் "செய்" என்றார். செல்வமணி பத்து முறை குந்தினான், பத்து முறை எழுந்தான். முகத்தில் வேர்வை, ஆனால் ஒரு முனகல் இல்லை. சுஜாவுக்கே ஆச்சரியம். டாக்டர் தலையை ஆட்டி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சீட்டை வாங்க செல்வமணி இரண்டடி முன்னால் வந்தான்.

அவன் நின்ற இடத்தில் ஈரமான இரண்டு பாதங்கள் தரையில் கிடந்தன. பதினாலு வருஷமாக அந்தத் தரையைத் துடைக்கிறவள் கண்ணில் அவை படாமல் இருக்குமா. இடது பாதம் ஐந்து விரலும் குதிகாலுமாக முழுசாக இருந்தது. வலது பாதம் பாதியோடு நின்றுவிட்டது. விரல்களும் முன்பாதமும் மட்டும் ஈரம். குதிகால் இருக்க வேண்டிய இடம் காய்ந்து கிடந்தது. நிற்கும்போதும் சரி, குந்தும்போதும் சரி, பாரமெல்லாம் இடது காலில். வலது கால் கூடப் போய்வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உலகம்மாள் டாக்டர் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு துடைத்துவிட்டால் முடிந்தது; அவன் திங்கட்கிழமை வேலைக்குப் போவான், போகிற வழிக்கு அவளையும் வாழ்த்துவான். ஆனால் போன வருஷம் இப்படித்தான் ஒரு கொத்தனார் நல்ல காலை நம்பி எழுந்து போனார். ஒரு கால் இரண்டு கால் வேலையைச் செய்து செய்து, ஆறாவது மாதம் அந்த நல்ல கால் முட்டும் போய், மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு இதே வாசலுக்கு வந்தார். டாக்டர் சீட்டில் தேதி எழுதத் தொடங்கியிருந்தார்.

"சாரே, ஒரு நிமிசம். அவன் கைலிய மடக்கிக் கட்டச் சொல்லுங்க."

ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டருக்கே சங்கடமாகப் போய்விட்டது. "எந்தா உலகம்மா இது? அவன் மரியாதையா நிக்கட்டே."

"மரியாதைக்குள்ளதான் சாரே குதிகாலு ஒளிஞ்சிருக்கு."

செல்வமணி கைலியை மடித்துக் கட்டினான். குந்தச் சொன்னார்கள், குந்தினான். வலது குதிகால் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நின்றது. டாக்டர் பேனாவை மூடினார். "கணுக்கால் மடங்கல. தொடையும் சரியாகல. இன்னும் அஞ்சு வாரம் செய்யட்டே" என்று சுஜாவிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

செல்வமணி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் வந்து, "யக்கா, நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? திங்கக்கெழம என் எடத்துல வேற ஆளு குத்தவச்சிருப்பான். இப்ப திருப்தியா?" என்று கேட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

சுஜாவும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே அக்கா. எல்லாரும் பாக்க, டாக்டர் முன்னாடி வெச்சு... பாவம்."

"தனியாச் சொல்ல எங்க மோளே நேரம்? பேனா தொறந்தாச்சு."

அன்று மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டாள். சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். சரியானதைச் சொல்லிவிட்டு வருத்தப்படக் கூடாது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லையே. சுஜா சொன்னதும் சரிதான். அதுதான் அவளை அதிகமாக அறுத்தது. ஒரு ஆண்பிள்ளையை அத்தனை பேர் நடுவில் கைலியை மடித்துக் காட்டவைத்திருக்கிறாள். திங்கட்கிழமை வந்தது, போனது. வாசல் குழாயில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலை திரும்பும். யார் யாரோ வந்தார்கள். அவன் ஊருக்கே போய்விட்டான் என்று முடிவு செய்துகொண்டாள்.

வியாழக்கிழமை மழையில் நனைந்துகொண்டு வந்தான். கையில் ஒரு சிமெண்ட் பை. குதிகாலுக்குக் கீழே முட்டுக்கொடுத்துப் பழகு, கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சுஜா எப்போதோ சொல்லியிருந்தாள். அதற்கென்று இருந்த ஆஸ்பத்திரிப் பலகையைக் கரையான் தின்றிருந்தது. பையைத் தரையில் கவிழ்த்தான். உள்ளங்கை அகலத்தில் சீராக வெட்டிய டைல் துண்டுகள் எட்டு விழுந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான், ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்த்தான், வலது குதிகாலை அதன்மேல் வைத்தான். கைலியை வரும்போதே மடித்துக் கட்டியிருந்தான். உலகம்மாள் பக்கம் திரும்பவில்லை.

அவளும் அவனிடம் பேசவில்லை. ஆனால் அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா. சுவரில் இருந்த சாரிடம் பேசினாள். "சாரே, சில பேருக்குக் கடைக்குட்டி இன்னும் ஒறக்கம்தான் போல."

செல்வமணியும் குந்தியபடியே படத்தைப் பார்த்துச் சொன்னான்: "சார், அவன் ஒறங்கல. முந்தாநாளே எழும்பிட்டான். சில பேருக்குத்தான் கண்ணு தெரியல."

"கண்ணு தெரியாமலா சாரே பாதிப் பாதம் தெரிஞ்சுது?"

சுஜா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள். அன்று தொடங்கி அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை எல்லாம் சார் மூலம்தான். மொதலாளி தூங்குகிறார், தட்டி எழுப்பு என்று சாருக்கு உத்தரவு போகும். எழுப்பியாச்சு என்று சாருக்கே பதில் வரும். கர்க்கடகம் முழுவதும் இப்படிப் போயிற்று. வெளியே மழை ஓயவில்லை. உள்ளே டைல் அடுக்கு எட்டிலிருந்து ஏழாயிற்று, ஆறாயிற்று, ஐந்தாயிற்று. அவன் தொடையின் உள்பக்கம், முட்டுக்கு மேலே, ஒரு சிறு மேடு எழும்பத் தொடங்கியிருந்தது. சுஜா அளவு நாடாவை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

மூன்று துண்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அடுத்த துண்டை எடுத்தால் குதிகால் எழும்பும். எழும்பினால் உடம்பு பின்னால் போகும். ஒரு நாள் போயே போய்விட்டது. மல்லாந்து விழுந்தவன் எழுந்திருக்க முயலாமல் அப்படியே தரையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு இழுத்தது. "போதும் மேடம்" என்றான் சுஜாவிடம். "ஊர்ல மச்சான் ஒரு பெட்டிக்கடை வச்சிருக்கான். ஸ்டூல்ல உக்காந்து பீடி விக்கேன். அதுக்குக் குதிகாலு வேண்டாம்."

உலகம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். இந்த முறை சாரைப் பார்க்கவில்லை.

"எலே செல்வமணி, எழும்பு."

"வய்யா யக்கா, முடியாது."

"ஸ்டூல்ல உக்காரணும்னா இங்க எதுக்குல மழையில நனஞ்சு வந்த? எழும்பு. தோள்ல கெடக்குற துண்ட எடு."

அவன் தோள் துண்டின் ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு மறு நுனியை அவன் கையில் கொடுத்தாள். எழுந்து பழையபடி டைல் அடுக்கின்மேல் குதிகாலை வைத்தவனுக்கு எதிரே நின்று, சேலையைச் செருகிக்கொண்டு, மெல்லக் குந்தத் தொடங்கினாள். நோயாளியைத் தொடாதவள் துண்டைத்தான் தொட்டாள். அவள் பின்னால் சாய, அவன் பின்னால் சாய, நடுவில் துண்டு விறைத்து நின்றது. அவள் பிடியால் அவன் விழவில்லை, அவன் பிடியால் அவள் விழவில்லை. "ஒரேயடியா எறங்காத. புடிச்சுப் புடிச்சு விடு. வயித்தப் புடி. முதுகு மட்டும் புடிச்சாப் பத்தாது, ரெண்டு பேரும் புடிக்கணும். மொதலாளிய பின்னால அனுப்பு. ஆங். இப்ப கீழ்வீட்டுக்காரன் கிட்ட சண்டை போடாத, மூச்ச விட்டு மெதுவா எறங்கு, அவன் தன்னால வழி விடுவான்." இருவரும் கீழே வந்து சேர்ந்தார்கள். நாற்பத்தொன்பது வயது முழங்கால்கள் இரண்டும் கடகடவென்று சத்தம் போட்டன. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. செல்வமணி குனிந்து பார்த்தான். மூன்றாவது டைல் துண்டை அவன் விழுந்த வேகத்தில் காலே தள்ளிவிட்டிருந்தது. குதிகால் இரண்டு துண்டுமேல் முழுசாக உட்கார்ந்திருந்தது.

"யக்கா" என்றான்.

"பேசாத. மூச்சு போயிரும். மூணு எண்ணிட்டு எழும்பு."

அப்புறம் அவனை யாரும் ஏவ வேண்டியிருக்கவில்லை. காலையிலும் மத்தியானத்திலும் தான் தங்கியிருந்த அறைக்கதவின் பிடியில் தோள் துண்டைக் கட்டிவைத்துத் தானே செய்தான். சிங்கம் பிறப்பதற்கு நாலைந்து நாள் இருக்கும்போது, மீதியிருந்த இரண்டு டைல் துண்டையும் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். நீலகண்டனிடமிருந்து ஆள் வந்திருந்தது. கவடியாரில் ஒரு வீடு, ஒன்றாம் தேதி தொடக்கம், கீழ்த்தளம் முழுக்க டைல். டாக்டர் சீட்டு இருந்தால் வரலாம்.

சீட்டு எழுத வேண்டிய வெள்ளிக்கிழமை செல்வமணி ஒன்பதரைக்கே வந்துவிட்டான். இங்கிருந்து நேரே நீலகண்டனைப் பார்க்கப் போகவேண்டும் என்பதால் வேலைப்பை தோளில் இருந்தது. உலகம்மாளுக்கு அன்று கைவேலை ஓடவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அவன் காலைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக வேறு பக்கம் பார்த்தாள். பார்த்தால் கண் பட்டுவிடும் என்று பயம்.

பத்தேகாலுக்கு ஒரு சக்கர நாற்காலி ஹால் வாசலில் தடுக்கியது. ஒரு மாத மழையில் நிலைப்படிக்கு அருகே பழைய மொசைக் கல் ஒன்று பெயர்ந்து, ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. நாற்காலியில் இருந்த பெண் அலறவில்லை, ஆனால் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். செல்வமணி போய் அந்தக் கல்லைக் காலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தான். அது ஆடியது. அதற்குமேல் அவனுக்குப் பொறுக்கவில்லை. பையைத் திறந்தான், கரணை, ரசமட்டம், ஒரு பொட்டலம் சிமெண்ட், எல்லாம் உள்ளே இருந்தன. குழாயிலிருந்து ஒரு டப்பா தண்ணீர் பிடித்துக்கொண்டு வாசலில் குந்தினான்.

கல்லைப் பெயர்த்து எடுத்தான். அடியில் கிடந்த பழைய காரையைச் சுரண்டினான். குந்தியபடியே ஒரு சாண் பின்னால் நகர்ந்தான், பக்கவாட்டில் நகர்ந்தான், சிமெண்டைக் குழைத்துப் பரப்பினான். கல்லை வைத்து, கரணைப் பிடியால் தட்டி, காதைத் தரையோரம் கொண்டுபோய்ச் சத்தம் கேட்டான். ஒரு மூலையில், அடியில் சிமெண்ட் நிரம்பாத இடத்தில், பொள்ளல் சத்தம் வந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி குழைத்தான். சுஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிஷம். இரண்டு குதிகாலும் தரையில் அப்பிக்கிடந்தன. அது அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. அவனுக்கு அந்தக் கல்லைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

டாக்டர் சத்தியதாஸ் வராந்தாவில் வந்தார். பின்னால் இரண்டு மாணவர்கள். உலகம்மாள் துடைப்பக் கம்போடு வாசலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாரே, அந்தப் பக்கத்து வாசல் வழியாப் போங்க."

"ஞான் இவனைப் பாக்கத்தானே வந்தது. எழும்பி வரச் சொல்லு."

"இப்ப எழும்பமாட்டான் சாரே. வேலையில இருக்கான்."

டாக்டர் அவளுடைய தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் கண் அந்தக் குதிகால்களுக்குப் போயிற்று. பிறகு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வராந்தாவைச் சுற்றிப் பக்கத்து வாசலுக்கு நடந்தார். சுஜா சீட்டை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினாள். ஜன்னல் திண்டில் வைத்து அவர் எழுதிக் கையெழுத்துப் போடுவது இங்கிருந்தே தெரிந்தது. செல்வமணி நிமிரவில்லை. கரணைப் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். இப்போது நாலு மூலையிலும் ஒரே சத்தம் கேட்டது.

உலகம்மாள் அவனைக் கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. வராந்தாவில் அடுத்த நாற்காலி உருண்டு வரும் சத்தம் கேட்டது. ஈரக் கல்லை யாரும் மிதித்துவிடக் கூடாது என்று, துடைப்பக் கம்பை வாசலுக்குக் குறுக்கே நீட்டி, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.